எஸ்.எஸ். பட்டறையின் ஆசிட் கேனில் என்ன இருக்கிறது?

எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. காற்றுப் பட்டதும் அது ஆக்சைடு படலமாகி மேற்பரப்பை மூடிக்கொள்ளும். சில நானோமீட்டர் கனமுள்ள அந்தப் படலம்தான் மொத்தப் பாதுகாப்பும். சாதா இரும்பை அறுத்த மேசையிலேயே எஸ்.எஸ். தகட்டைப் போட்டு, அதே கிரைண்டரையும் கம்பி பிரஷையும் ஓட்டினால் இரும்புத் துகள் மேலே ஒட்டிக்கொள்ளும். முதல் மழையில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தத் துகளை ஆசிட்டில் கரைத்து நீக்கி, படலம் குறையில்லாமல் உருவாக வழிசெய்வதற்குப் பெயர் பாசிவேஷன்.

எந்த ஆசிட், எவ்வளவு அடர்த்தி? உலகம் முழுக்கப் பட்டறைகள் பார்க்கும் அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். ஏ967. அதன் நைட்ரிக்-2 முறையில் கொள்ளளவுப்படி 20 முதல் 45 சதவீத நைட்ரிக் ஆசிட், 21 முதல் 32 டிகிரி செல்சியஸ் சூடு, குறைந்தது 30 நிமிடம். சிட்ரிக்-2 முறையில் எடைப்படி 4 முதல் 10 சதவீத சிட்ரிக் ஆசிட், 49 முதல் 60 டிகிரி, குறைந்தது 10 நிமிடம். எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக்தான். கொள்ளளவு, எடை என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். 70 சதவீத நைட்ரிக்கும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொள்ளளவுப்படி 50 சதவீதம். எடைப்படி பார்த்தால் ஏறத்தாழ 40தான். சதவீதத்தை மட்டும் சொல்லி எந்தக் கணக்கு என்று சொல்லாத சப்ளையரை நம்பிக் கலக்காதீர்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும்.

303, 416 போன்ற, கடைசலுக்கு வாகாகக் கந்தகம் சேர்த்த ரகங்கள் நைட்ரிக்கில் கறுத்துப்போவதுண்டு. அதைத் தடுக்க சோடியம் டைகுரோமேட் சேர்க்கும் முறையும் தரத்தில் இருக்கிறது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியானது. 304 ரகக் கைப்பிடிக்கும் சமையலறை மேடைக்கும் அந்தக் குளியல் தேவையே இல்லை. இத்தகைய சாதாரண வேலைக்கு சிட்ரிக் போதும் என்பதே என் கருத்து. பழக்கம் என்பதைத் தவிர நைட்ரிக் புகையைச் சுவாசிக்க வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வெல்டிங் செய்த இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படியும். பாசிவேஷன் அதை எடுக்காது. அதற்குத்தான் பிக்லிங் பேஸ்ட். பார்க்க வெண்ணெய் போல இருக்கும் அதில் நைட்ரிக்கோடு ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டும் உண்டு. பாசிவேஷன் திரவத்தையும் இந்தப் பேஸ்டையும் பட்டறையில் பொதுவாக 'ஆசிட்' என்றே சொல்வதால், சிட்ரிக்குக்குப் போதுமான கிளவுஸோடு பேஸ்டையும் பூசுகிறார்கள்.

ஹைட்ரோஃப்ளூரிக் மற்ற ஆசிட் போல உடனே எரிந்து எச்சரிக்காது. அடர்த்தி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ஃப்ளூரைடு தோலைத் தாண்டி இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பரவலாகப் பட்டால் இதயத் துடிப்பே குலையலாம். பட்ட உடனே, வலிக்குக் காத்திருக்காமல், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். நனைந்த துணியைக் களையுங்கள். பிறகு கிளவுஸ் போட்ட கையால் 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஜெல் இல்லையென்றால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், அதற்குள்ளேயே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் 'ஆசிட் பட்டது' என்று மட்டும் சொன்னால் போதாது. 'ஹைட்ரோஃப்ளூரிக்' என்று பெயரைச் சொல்லுங்கள். சிகிச்சையே வேறு.

நைட்ரிக் தொட்டியில் பழுப்புப் புகை கிளம்பினால் வெளியே வந்துவிடுங்கள். இருமல் அடங்கி வீட்டுக்குப் போனவருக்கு மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இதன் குணம். இந்தப் புகையால் வரும் நச்சுப் பாதிப்பு, மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது.

கேனில் என்ன இருக்கிறது என்று கேட்பது தொழிலாளியின் உரிமை. தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் பெறும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டம் தந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடம் முறையிடலாம். அவர் உடனே சரிசெய்தாக வேண்டும். சப்ளையர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, 7664-39-3 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அது ஹைட்ரோஃப்ளூரிக். முதலாளி அலட்சியம் காட்டினால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் தரலாம். கழிவைச் சாக்கடையில் விட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில்.

காயம் பட்டால் இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவருக்குச் சிகிச்சையும் வேலைசெய்ய முடியாத நாட்களுக்கான உதவித்தொகையும் உண்டு. இ.எஸ்.ஐ. வராத சின்னப் பட்டறை என்றால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். அதற்கான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் வையுங்கள். வேலையில் பட்ட காயத்தை 'கடையில் கை வழுக்கியது' என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதவிட்டால் பிறகு வழக்கு பலவீனமாகிவிடும்.

வாங்குபவருக்கும் ஒரு சொல். ஏ967 இந்தியச் சட்டம் அல்ல. உங்கள் ஆர்டரில் எழுதினால்தான் அது பட்டறையைக் கட்டுப்படுத்தும். 'பாசிவேஷன் செய்து தரவும்' என்று மொட்டையாக எழுதினால் முறையைப் பட்டறைக்காரர் தேர்ந்தெடுத்துக்கொள்வார். முறையையும் சோதனையையும் சேர்த்து எழுதுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு மணி நேரம் நனைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, 24 மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்யும் சோதனை எளிது. துரு தெரியக் கூடாது. காப்பர் சல்பேட் தடவும் சோதனை விரைவானது, ஆனால் உணவு படும் பாத்திரத்துக்கு அதை அனுமதிக்காதீர்கள்.

பழி சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். புது வீட்டில் டைல்ஸ் கழுவ ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகையே பக்கத்துக் கைப்பிடியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எஸ்.எஸ். மேல் அந்த ஆசிட்டைத் தடவுவது துருவை விலைக்கு வாங்குவது. சில பட்டறைகளே அதைச் செய்வதுதான் கொடுமை.

குறை பட்டறையுடையது என்றால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கேயும் இரண்டு ஆண்டுதான் கெடு. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சின்ன உணவுக் கடைக்காரருக்கு அந்தத் தடை இல்லை. அவரும் தாராளமாக வழக்குப் போடலாம்.