எந்தத் தீவு, எந்த மலை?

அமெரிக்காவில் பணிபுரியும் என் அக்காள் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். விடுமுறைக்குக் கரீபியன் கடலுக்குச் சென்று 'ஸ்கூபா டைவிங்' எனப்படும் முக்குளிப்பில் ஈடுபட எண்ணியிருக்கிறான். மெக்சிகோவின் கோசுமெல், பிரிட்டனின் ஆளுகையில் உள்ள கேமன், நெதர்லாந்தின் ஆளுகையில் உள்ள பொனேர் ஆகிய மூன்றில் எந்தத் தீவைத் தேர்ந்தெடுப்பது என்பது அவனுடைய குழப்பம். "மாமா, உங்கள் பொருளாதாரம் இதற்கு ஏதாவது சொல்லுமா?" என்றான் கேலியாக.

கிணற்றில் நீந்தியதற்கு மேல் நீருக்குள் அனுபவம் இல்லாதவன் நான். ஆனால், அப்போது நான் அமர்ந்திருந்த இடம் கொல்லிமலையின் செம்மேடு. அந்தக் கேள்வியை அந்த மலைக்கும் பொருத்திப் பார்க்கலாமே என்று தோன்றியது.

நீரின் தெளிவு, மீன்களின் வகை, விமானக் கட்டணம் ஆகியவற்றை அவனே ஒப்பிட்டுக்கொள்வான். பொருளாதாரம் கூடுதலாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. பயணி செலவழிக்கும் பணம் கடைசியில் யாரிடம் சேர்கிறது? அவர் வருகையால் அந்த இடத்துக்கு ஏற்படும் தேய்மானத்துக்கு யார் ஈடு செய்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பொனேர் ஒரு நல்ல பாடம். அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல் 1979-இல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தொடக்க கால நிதியுதவி தீர்ந்ததும் பூங்கா காகிதத்தில் மட்டுமே எஞ்சியது. சட்டம் இருந்தது; காவலர்களுக்குச் சம்பளம் இல்லை. 1991-இல் அதற்கு மீண்டும் உயிரூட்டியபோது, இம்முறை செலவை யார் ஏற்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்தனர். 1992-இல் கட்டணம் தொடங்கியபோது முக்குளிக்க வந்தோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. அந்தப் பணம் பூங்காவின் பராமரிப்புக்கே செல்லும்.

அந்தக் காலகட்டத்தில் உலக வங்கிக்காகப் பொருளாதார அறிஞர் ஜான் டிக்சனும் அவருடைய குழுவினரும் அங்கு ஆய்வு நடத்தினர். ஒரு முக்குளிப்புத் தலத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முறைக்கு மேல் மனிதர்கள் இறங்கினால் பவளப்பாறைகள் பாதிப்படையத் தொடங்குகின்றன என்பது அவர்களின் மதிப்பீடு. அதைவிட என்னைக் கவர்ந்தது மற்றொரு முடிவு. எவ்வளவு தர விரும்புவீர்கள் என்று பயணிகளிடமே கேட்டபோது, சராசரியாக 27 டாலருக்கு மேல் தரத் தயாராக இருந்தனர். கட்டணத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு! பணம் பாறைகளுக்கே போகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் கணக்குப் பார்ப்பதில்லை போலும்.

இனி கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வர வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயில், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி, சோளக்காட்டுச் சந்தையின் பலாவும் அன்னாசியும் மலைவாழையும், ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா என்று வருவோருக்குக் காரணங்கள் பல. 14 ஊராட்சிகளில் பரவியுள்ள மக்களுள் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர்.

அந்த வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாலையை அகலப்படுத்தவில்லையே என்று குறைபட்டுக்கொள்ளும் பயணிகளை அங்கே சந்தித்தேன். எனக்கென்னவோ, எந்த நீதிமன்றமும் ஆணையிடாமலேயே இயற்கை விதித்த உச்சவரம்பு அது என்றே படுகிறது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் அந்த வரம்பை நீதிமன்றம்தான் விதிக்க வேண்டியிருந்தது. 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 எனச் சென்னை உயர் நீதிமன்றம் அளவு நிர்ணயித்தது. மலை மூச்சுத் திணறிய பிறகு வந்த மருந்து இது. மேலும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் இ-பாஸால் மலைக்கு வருமானம் இல்லை.

முதல் கேள்விக்கு வருவோம். வகுப்பில் இதைக் 'கசிவு' என்று கற்பித்திருக்கிறேன். சுற்றுலாச் செலவில் 100-க்கு 80 வரை கரீபியன் நாடுகளைவிட்டு வெளியேறிவிடுவதாகவும், இந்தியாவில் அது 40 என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் எடுத்துக்காட்டிய பழைய மதிப்பீடு ஒன்று உண்டு. நாடு என்று பார்த்தால் நாம் பரவாயில்லை. மலை என்று பார்த்தால்? என் மூன்று நாள் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாடகைக் கார் நாமக்கல்லுடையது. எரிபொருளும் அங்கேயே நிரப்பியது. விடுதியின் உரிமையாளர் சமவெளிக்காரர். மிளகு, பழம், தேநீர், வழிகாட்டிய இளைஞருக்குக் கொடுத்தது, ஒரு வீட்டில் உண்ட சாமைச் சோறு ஆகியவை மட்டுமே மலைவாசிகளைச் சென்றடைந்தன. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காலையில் ஏறி மாலையில் இறங்கும் குடும்பம் புளிச்சோற்றையும் கையோடு எடுத்துவருகிறது. விட்டுச் செல்வது பெரும்பாலும் பிளாஸ்டிக்.

சாமைச் சோற்றைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், சமவெளி ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி ஏறிக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக அங்கே சிறுதானியங்களை மீட்க முயன்றுவருகிறது. விதையைக் காப்பதற்கு நிகராக, விளைந்ததை உண்ண ஆள் வேண்டும். பயணியின் இலைக்குச் சாமை வந்தால், உழவருக்கு மரவள்ளிக்கு மாற்றாக ஒரு சந்தை வாசலிலேயே கிடைக்கும்.

ஆகவே, கொல்லிமலைக்கும் ஓர் இயற்கைக் கட்டணம் வேண்டும் என்பது என் கருத்து. வெளியூர் வாகனங்களுக்கு மட்டும். தலைக்கு இவ்வளவு என்று அல்ல. அரசுப் பேருந்தில் வருவோருக்கும் ஓரி விழாவுக்கு வரும் பக்கத்து ஊர் மக்களுக்கும் விலக்கு வேண்டும். வசூலிப்பதைவிட முக்கியம், பணம் எங்கே போகிறது என்பது. பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டால் அது இன்னொரு சுங்கச்சாவடிதான். 14 ஊராட்சிகளின் கணக்கில் வரவு வைத்து, குப்பை அகற்றவும் நீரூற்றுகளைக் காக்கவும் என்ன செலவானது என்பதைக் காரவள்ளிச் சோதனைச் சாவடியிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். கட்டணம் வந்தால் கூட்டம் குறையும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது நியாயமே. ஆனால், குறைவது அரை நாள் வந்து திரும்பும் கார்களாக இருந்தால், இரண்டு இரவு தங்குபவர்களால் அவர்களுக்கு வரவு கூடவும் வாய்ப்புண்டு.

அக்காள் மகனிடம் பொனேர் என்றேன். அவன் ஜனவரியில் ஊருக்கு வரும்போது கொல்லிமலைக்கும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இரண்டு இரவு தங்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லி வைத்தால் சாமை சமைத்துத் தருவார்கள்.