மூக்கு மரத்துப்போகும் இடத்தில்

‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்தச் சாவுகளில் பலவற்றுக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. பாதாளச் சாக்கடையில் காற்றுப் புகாமல் கழிவு மட்கும்போது உண்டாகும் வாயு. கூமுட்டை நாற்றம் அடிக்கும். நாற்றத்தை வைத்தே உஷாராகிவிடலாமே என்று தோன்றும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் அது மோப்ப உணர்வையே மரக்கடித்துவிடுகிறது. நாற்றம் அடங்கிவிட்டது என்று உள்ளே இறங்கியவர் நினைக்கும் நேரத்தில் உயிருக்கே ஆபத்து. மயங்கியவரைத் தூக்கப் பதறி இறங்குகிறவரும் சாகிறார்.

அதனால்தான் கருவி வேண்டும். 1962-ல் ஜப்பானின் நவோயோஷி தகுச்சி காப்புரிமை கோரிய வழியில் இன்றும் பல வீட்டு கேஸ் அலாரங்கள் வேலை செய்கின்றன. சூடேற்றிய வெள்ளீய ஆக்ஸைடுத் துகள்மேல் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும், மின்தடை கூடும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்ஸிஜனோடு வினைபுரியும், எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை சரியும்.

இத்தனையும் நடப்பது மேற்பரப்பிலிருந்து சுமார் 3 நானோமீட்டர் ஆழத்துக்குள். துகள் பெரிதாக இருந்தால் அதன் நடுப்பகுதிக்கு வாயு வந்ததே தெரியாது. சுமார் 6 நானோமீட்டருக்குச் சுருக்கினால் துகள் முழுக்க மேற்பரப்புபோலவே நடந்துகொள்ளும். அதற்கும் கீழே போனால் உணர்திறன் கிடுகிடுவென ஏறுவதை க்யூஷு பல்கலைக்கழகத்தில் நொபோரு யமசோயேவின் குழு 1991-ல் காட்டியது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே குழுவின் இன்னொரு வேலை. வெள்ளீய ஆக்ஸைடோடு தாமிர ஆக்ஸைடைக் கலந்தார்கள். இரண்டும் தொடும் இடத்தில் மின்னோட்டத்துக்குத் தடுப்பு எழும்பும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் தாமிர ஆக்ஸைடு தாமிர சல்பைடாக மாறும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தடுப்பு இடிந்து, மின்தடை பல ஆயிரம் மடங்கு விழும். கந்தகம் இல்லாத எரிவாயுக்களால் இந்த மாற்றத்தை உண்டாக்க முடியாது. சூட்டில், சுத்தமான காற்றில், சல்பைடு மறுபடி ஆக்ஸைடாகிவிடும். துகள் நானோ அளவில் இருந்தால் இந்தப் போக்குவரத்து விரைவாக நடக்கும்.

2007-ல் மான்செஸ்டரில், ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீன் ஒற்றை மூலக்கூறு ஒட்டுவதைக்கூட உணர்ந்தது. அருமையான சாதனைதான். ஆனால் சாக்கடைக் குழி ஆய்வுக்கூடம் அல்ல. அங்கே காற்று ஈரத்தில் ஊறியிருக்கும். வெள்ளீய ஆக்ஸைடின்மேல் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை நீராவி பிடித்துக்கொள்ள, அளவு பிசகும்.

பாதுகாப்பில்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறக்கவே கூடாது, இயந்திரம்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. அதுவரைக்கும், புதிய நானோ உணரி பற்றிய ஆய்வு எது வந்தாலும், எவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடித்தது என்பதற்கு முன்னால், 90 சதவீத ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் பிசகாமல் நின்றதா என்றுதான் தேடிப் பார்க்கிறேன்.