பரணில் கிடந்த தாத்தாவின் குழல்: நாதஸ்வரமா, ஒத்தா, முகவீணையா?

கடப்பாக்கத்தில் உங்கள் பூர்வீக ஓட்டு வீட்டைப் பிரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரணில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு நீண்ட மரக்குழல். “தாத்தா நாதஸ்வரம் வாசிப்பாராம்ல, அதுதான்” என்கிறார் பெரியப்பா. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும், “ஈசிஆர்ல ஆன்டிக் கடை இருக்கு, குடுத்துடலாமா?” என்று ஒருவர் கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்க. அது நாதஸ்வரம்தானா என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு டேப்பும் பத்து நிமிஷமும் போதும்.

முதலில் துளைகளை எண்ணுங்கள். நாதஸ்வரத்தில் மொத்தம் 12 துளைகள். மேலே இருக்கும் 7 விரல் வைத்து வாசிக்க; கீழே இருக்கும் 5 பிரம்ம சுரங்கள். இந்த ஐந்தில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்வார்கள்.

விரல் துளைகளே இல்லாமல், கீழ்ப்பகுதியில் மட்டும் துளைகள் இருந்தால்? அது ஒத்து. நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று, மூச்சு அறாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் கருவி. “அவனுக்கு ஒத்து ஊதாதே” என்று நாம் திட்டுகிறோமே, அந்த வார்த்தை வந்த இடம் இதுதான். சுருதிப்பெட்டி வந்த பிறகு ஒத்து மேடையிலிருந்து காணாமலே போய்விட்டது. தாத்தா வித்வான் இல்லை, ஒத்துக்காரர் என்று தெரிந்தால் சில வீடுகளில் முகம் சுருங்கும். எனக்கு அது புரியவில்லை. சாமி புறப்பாடு முடியும்வரை மூக்கால் இழுத்து வாயால் விட்டபடி, சுருதி பிசகாமல் நிற்பது லேசான வேலையா?

விரல் துளைகள் இருந்தால், அடுத்து நீளம். ஒரு முழத்துக்குள் அடங்கினால், பிள்ளைகள் பழகும் சின்ன நாதஸ்வரம் என்று ஒதுக்காதீர்கள். முகவீணையாக இருக்கலாம். பெயரில் வீணை இருந்தாலும் ஊதும் கருவிதான். முன்பு சதிர் ஆட்டத்துக்கு வாசித்தார்கள். நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் தெருக்கூத்துக்கு இது முக்கியமான பக்கவாத்தியம்.

ஏறக்குறைய 2 அடி என்றால் திமிரி; உச்ச சுருதியில் பேசும் நாதஸ்வரம். அதைவிட நீளமாக, இரண்டரை அடியைத் தாண்டினால் பாரி. இன்று கச்சேரிகளில் கேட்பது பெரும்பாலும் பாரிதான். அதற்குப் பின்னால் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) இருக்கிறார். முந்தைய குழல்களில் சுத்த மத்தியமம் சரியாக விழாது, ஊதும் விதத்தில்தான் சமாளிக்க வேண்டும். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி பலமுறை செய்து பார்த்து, அந்த சுரம் ஒழுங்காகப் பேசும் பாரியை உருவாக்கினார். அதனால் அப்படிப்பட்ட பாரி உங்கள் வீட்டில் இருந்தால், அது போன நூற்றாண்டுக்காரர். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம்தான் அங்கே வழக்கம், அதுவும் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த நாள்பட்ட மரம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை: வார்னிஷ் அடிக்காதீர்கள். துளையில் காய்ந்திருக்கும் மெழுகைச் சுரண்டாதீர்கள். அது அழுக்கு இல்லை. தாத்தா கடைசியாக வைத்த சுருதி. கயிற்றில் தொங்கும் பழைய சீவாளி, குத்தூசி எதையும் கழற்ற வேண்டாம். அவற்றில் ஏதாவது தந்தமாக இருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்க முடியாது. நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளை அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு பார்சல் போடவும் முடியாது. தொல்பொருள் சட்டம், அதுவும் 1972-தான், குறுக்கே நிற்கும்.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முன்புறம், பின்புறம், அடியிலுள்ள அணசு, மேலே சீவாளி செருகும் கெண்டை என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்துக் கோயிலில் வாசிக்கும் வயதான வித்வானிடமோ, காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ காட்டலாம்.

அதற்கு முன்னால் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தாத்தா கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போவாரா, இல்லை கூத்து ஜமாவோடு ராத்திரி கிளம்பி விடியற்காலையில் திரும்புவாரா?