சத்தம் போடாத டேப்பட்

எண்ணூரில் இன்று லாரிகளையும் பஸ் சேசிஸ்களையும் தயாரிக்கும் அசோக் லேலண்ட் ஆலை, தொடங்கிய காலத்தில் கார் பூட்டிய இடம். 1948-ல் உருவான அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 சிறு காரை இங்கேதான் பூட்டிச் சாலைக்கு அனுப்பியது. 1955-ல் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. அதே காலத்தில் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா புல்லட் தயாரிக்கத் தொடங்கியது. டேப்பட், ராக்கர், புஷ்ராடு என்ற பேச்சு வடசென்னைக்கு நேற்று வந்ததல்ல.

இன்று ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களில் உறை போர்த்தி நிற்கும் பழைய சிறு வண்டி என்றால் பெரும்பாலும் மாருதி 800 அல்லது ஓம்னி. 800-ன் தயாரிப்பு 2014-லும் ஓம்னியின் தயாரிப்பு 2019-லும் நின்றுவிட்டன. இருக்கும் வண்டியைக் காப்பாற்றிக்கொள்வது இனி உரிமையாளர் பாடு. அந்த இன்ஜின்களில் செலவே இல்லாத, ஆனால் தவறாகச் செய்தால் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிற வேலை ஒன்று உண்டு: டேப்பட் செட்டிங்.

வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இன்ஜின் சூடாகும்போது வால்வு நீளும். நீளுவதற்கான இடம் அது; அதை அளவாக வைப்பதுதான் டேப்பட் செட்டிங். 800 போன்ற வண்டியில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, இந்த இடைவெளி கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இடைவெளி கூடினால் டிக், டிக் என்று ராக்கர் அடிக்கும். காது கேட்கும், மனம் பதறும், வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போவோம்.

குறைந்தால்? சத்தமே வராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 முறை திறந்து மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கி வைப்பது, மூடிய நிலையில் அதன் விளிம்பு சீட்டில் அமரும் அந்தக் கணத்தில்தான். டேப்பட் இறுகிவிட்டால் வால்வு முழுதாக அமராது; இடுக்கு வழியே நெருப்புக் காற்று சீறிக்கொண்டு போகும்; விளிம்பு கருகி, கடைசியில் ஒரு துண்டு பெயர்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட்டிங் தகராறு, ஐட்லிங்கில் நடுக்கம், பாலம் ஏறும்போது இழுவை இல்லை, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது என்று வண்டி சொல்லும் அறிகுறிகளைப் பலர் கார்புரேட்டர் மேலோ பிளக் மேலோ பழி போட்டுக் கடந்துவிடுகிறார்கள். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். இன்ஷூரன்ஸ் கை கொடுக்காது. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே, அளவுத் தகடு எதையும் நுழைக்காமல், காதால் கேட்டே சத்தம் நிற்கும்வரை ஸ்க்ரூவை முடுக்கிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு காசு கொடுத்துவிட்டுப் போகிறார். ‘சத்தம் போச்சு’ என்பதை வேலை முடிந்ததற்கான அத்தாட்சியாக ஏற்கவே கூடாது. லேசாக டேப்பட் சத்தம் கேட்கிற இன்ஜின், இறுகிப்போன இன்ஜினைவிடப் பல மடங்கு பத்திரமானது.

பழைய வண்டியில் இடைவெளி தானாகவும் குறையும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-த்தில் முடிவுக்கு வந்தது. மூச்சுக்கு அது பெரிய நன்மை. ஆனால் அம்பாசடர், பத்மினி காலத்து இன்ஜின்களில் மெத்தென்ற வால்வு சீட்டுக்கு அந்த ஈயப் படிவுதான் காப்பாக இருந்தது. அது போனபின் சீட் தேய்ந்து வால்வு உள்வாங்கும், டேப்பட் இறுகும். எல்.பி.ஜி.க்கு மாற்றிய ஓம்னிகளிலும் இதே கதை. கேஸ் வறண்ட எரிபொருள் என்பதால், கேஸில் ஓடும் வண்டிக்கு டேப்பட்டை அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

வீட்டில் செய்யலாமா? ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள இன்ஜின் என்றால் தாராளமாகச் செய்யலாம். பிந்தைய கார்கள் பலவற்றில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கும். அதில் செட் செய்ய எதுவுமில்லை. ஷிம் வைத்த இன்ஜினுக்குத் தனிக் கருவிகள் தேவை என்பதால் அதில் கை வைக்க வேண்டாம். எது என்று தெரிந்துகொள்ளவும் சரியான அளவைப் பார்க்கவும் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலே ஆதாரம். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் அளவு வேறாக இருக்கலாம். ஆறிய நிலை, சூடான நிலை என்று இரண்டு கணக்கும் இருக்கலாம்.

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் வேலையைத் தொடங்க வேண்டும். கடலோரத் தெருவில் உப்பும் மணலும் ஹெட் கவரில் படிந்திருக்கும். திறப்பதற்கு முன் துடைக்காவிட்டால் அத்தனையும் உள்ளே போகும். பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வந்து, அந்த சிலிண்டரின் இரு ராக்கரும் தளர்ந்திருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். ஆஸ்டின், அம்பாசடர், பத்மினி போன்ற நாலு சிலிண்டர், எட்டு வால்வு இன்ஜினுக்கு ‘ஒன்பது கணக்கு’ என்று ஒரு சுலப வழி உண்டு: எட்டாவது வால்வு முழுக்க இறங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் செட் செய்வது, ஆறாவது இறங்கினால் மூன்றாவது, இப்படிக் கூட்டினால் ஒன்பது வரும்படி. மூன்று சிலிண்டர் மாருதிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஃபீலர் கேஜ் தகட்டில் துளி ஆயில் தடவி நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டே வழுக்கி வர வேண்டும். சிக்கினால் இறுக்கம், விழுந்தால் தளர்வு. லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சற்றுத் திரும்பி அளவை மாற்றிவிடும். எனவே நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட்டரோ ரேடியேட்டர் ஃபேனோ எதிர்பாராமல் சுற்றாது. லுங்கி, துப்பட்டா, வளையல் எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. வேலை முடிந்து ஓடவிட்டுப் பார்ப்பது வெட்டவெளியில்தான். ஷெட்டுக்குள் ஒருபோதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

ஆயில் துணியும் துடைத்த மண்ணெண்ணெயும் மழைநீர் வடிகாலுக்குப் போகக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியதைப் பார்த்த ஊர் இது. பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. மூடிய டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைப்பதே முறை.

சொந்த வண்டியின் டேப்பட்டைத் தானே செட் செய்ய எந்த அனுமதியும் தேவையில்லை. அது பராமரிப்பு, மாற்றம் அல்ல. கேஸ் கிட் பொருத்துவது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தாலும், மேனுவலும் பாகமும் கேட்பது வாடிக்கையாளரின் நியாயம் என்பதை அந்த உத்தரவு எடுத்துக்காட்டியது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தையும் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு.

மெக்கானிக் சொதப்பினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிச் செய்த வேலையில் குறை என்றால் அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீரவில்லை என்றால் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒர்க்‌ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் ஆதாரம் கட்டாயம். பில், படங்கள், இன்னொரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த கருத்து, கழற்றிய கருகிய வால்வு ஆகியவை கையில் இருக்க வேண்டும். பழைய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வழக்குக்கு நிற்க முடியாது.

அடுத்த முறை டேப்பட் செட் செய்யக் கொடுக்கும்போது இன்ஜின் ஆறும்வரை வண்டியைப் பட்டறையில் விட்டு வையுங்கள். இன்லெட் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எவ்வளவு என்று வைத்த அளவைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தகடு போட்டுப் பார்த்த மெக்கானிக் யோசிக்காமல் எழுதித் தருவார்.