அரணைக்கு ஒரு அரண்மனை!



நான் பவானியைச் சேர்ந்த ஒரு சாதாரண இல்லத்தரசி. 2023-ம் வருடம் ஜூன் மாதம், மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னிக்குப் போயிருந்தேன். நாம் இங்கே வெயிலில் காய்ந்துவிட்டுப் போனால், அங்கே அப்போதுதான் குளிர்காலம்! ராத்திரியில் பத்து டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால், என்னை நடுங்க வைத்தது குளிர் அல்ல. பேரன் அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் படுத்திருந்த ஓர் அரணை!

நம்ம ஊர் அரணை மாதிரி விரல் தண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை அடிக்கு மேல் நீளம். கை மணிக்கட்டு தண்டி உடம்பு. அதற்குப் பொருத்தமே இல்லாத குட்டிக் குட்டிக் கால்கள். முதுகில் பட்டை பட்டையாக, எங்கள் ஊர் ஜமக்காளத்தை விரித்துப் போட்ட மாதிரி. நான் கிட்டே போனதும் வாயைப் பிளந்து நாக்கை நீட்டியது பாருங்கள்... மை தொட்ட மாதிரி நீல நிறம்!

"பயப்படாதீங்க அம்மிச்சி, இது நீலநாக்கு அரணை. எதிரியை மிரட்டத்தான் நாக்கை நீட்டும். விஷமெல்லாம் கிடையாது" என்றான் பத்து வயதுப் பேரன்.

'அரணை நக்கினால் மரணம்' என்று கேட்டு வளர்ந்தவள் நான். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் இது என்ன வம்பு என்று மகளைக் கடிந்துகொண்டேன். நம்ம ஊர் அரணைக்கும் விஷம் கிடையாது, அது வெறும் பேச்சு என்று மாப்பிள்ளை எடுத்துச் சொன்னார். அந்த ஊரில் இதை வளர்க்க அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அதை மாப்பிள்ளை தன் பெயரில் வாங்கி வைத்திருந்தார். தோட்டத்தில் திரிவதைப் பிடித்து வந்து வளர்த்தால் குற்றமாம்.

நான் போன இரண்டாம் வாரம் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. நத்தை, முட்டை, கீரை எதை வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பேரனும் சரியாகச் சாப்பிடவில்லை. கால்நடை டாக்டரிடம் காட்டினோம். "நோய் எதுவும் இல்லை, வீடுதான் சரியில்லை" என்றார் அந்த அம்மா. தெரிந்தவர் கொடுத்த பழைய மீன் தொட்டி அது. இரண்டரை அடிதான் நீளம். மேல்பக்கம் திறப்பு, உள்ளே இருக்கிற சூடெல்லாம் அந்த வழியாகப் போய்விடுகிறது. அரணைக்கு நம்மைப் போல உடம்பிலேயே சூடு ஊறாது. வெளிச் சூடு கிடைத்தால்தான் தின்றதே செரிக்கும். பாவம், எனக்கும் அதற்கும் ஒரே குறைதான் என்று நினைத்துக்கொண்டேன்!

ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் என்ன என்று கேட்டேன். கூடவே கூடாதாம். கண்ணாடித் தொட்டி வெயிலில் அடுப்பாகிவிடும், உள்ளே இருப்பது வெந்தே போகும் என்றார் டாக்டர். அதுவுமில்லாமல், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேர உதவும் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராதாம். அதற்குத் தனி விளக்கு போட வேண்டும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நாளாக ஆகக் கதிர் குறைந்துவிடும். காலாகாலத்தில் மாற்ற வேண்டும்.

புதுக் கூண்டு வாங்கக் கடைக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணாடி மாளிகை பிடித்துவிட்டது. ஆள் உசரம், உள்ளே செயற்கை அருவி, கொடி எல்லாம். ஹாலில் வைத்தால் வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "இது மரம் ஏறுகிற பிராணியாங்க?" என்று கேட்டேன். இல்லை, தரையில் ஊர்வது. அப்படியானால் அதற்கு மாடி எதற்கு? நீளமான திண்ணைதானே வேண்டும்! ஓரமாகக் கிடந்த மரக் கூண்டைக் காட்டினேன். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். முன்பக்கம் மட்டும் தள்ளித் திறக்கும் கண்ணாடி.

"ட்ரங்குப் பெட்டி மாதிரி இருக்குதுங்களே அத்தை" என்று மாப்பிள்ளை முகம் சுளித்தார். கடைக்காரப் பையன் என் பக்கம் பேசினான். மரம் சூட்டைப் பிடித்து வைக்குமாம். மேலிருந்து கை வந்தால் பருந்து என்று நினைத்து மிரளும். முன்பக்கமாகக் கை நீட்டினால் பயப்படாதாம். உள்பக்கம் தண்ணீர் இறங்காத பூச்சு இருக்கிறதா, காற்றுத் துளை இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். புடவை எடுக்கிற மாதிரி!

ஒரு கோடியில் சூடு விளக்கு, சுமார் 35 டிகிரி. மறு கோடி 25 டிகிரி. அதாவது, ஒரு கோடியில் சித்திரை, மறு கோடியில் மார்கழி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு... இல்லை, அதற்கே இரண்டு குகை! விளக்கில் உடம்பு பட்டுச் சுடாமலிருக்கக் கம்பி வலை. சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள தெர்மோஸ்டாட். தரையில் மணல் வேண்டாம் என்று செய்தித்தாள் விரித்தோம். ஜோடி சேர்க்கலாமே என்றேன். ஒரே கூண்டில் விட்டால் கடித்துக்கொள்ளுமாம்.

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், பிரசவத்துக்கு முன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு குண்டு போட்டார். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதற்கு நோய் தெரியாது. நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் கிட்டேயே போகக் கூடாது, ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில் வளர்க்காமல் இருப்பதே நல்லது என்றார். நாக்குக்குப் பயந்தேனே, நிஜமான பயம் இங்கல்லவா இருந்திருக்கிறது!

கொடுத்துவிடலாம் என்றாள் மகள். பேரன் ஒன்றும் பேசவில்லை. கூண்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். இருபது வருடம் உயிரோடு இருக்கக்கூடிய ஜீவன். கடைசியில், கூண்டைப் பின்கட்டு அறைக்கு மாற்றிப் பூட்டுப் போட்டோம். பேரனும் மாப்பிள்ளையும் மட்டும் தொடலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் தண்ணீர்த் தட்டு சமையலறைத் தொட்டிக்கு வரவே கூடாது. இருந்தாலும், தோழியரே, எனக்கு முழு நிம்மதி இல்லை. பேத்தி தவழ ஆரம்பித்த மாதங்களில், தினமும் போன் பண்ணி முதலில் பூட்டைத்தான் விசாரித்தேன்.

நம்ம ஊரிலும் இப்படி வளர்க்கப் பிள்ளைகள் கேட்டால், தயவுசெய்து இணங்காதீர்கள். ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை உயிரோடு வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதே இல்லை. பெட்டிகளில் திணித்துக் கடத்தி வரப்படும் அயல்நாட்டுப் பிராணிகளைச் சென்னை விமான நிலையத்தில் பிடிக்கிறார்கள். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

புதுக் கூண்டுக்கு மாறிய ஐந்தாம் நாள் ஒரு நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்றது. அன்றைக்குத்தான் பேரனும் ஒழுங்காகச் சாப்பிட்டான். பட்டை பட்டையாக இருப்பதால் 'ஜமக்காளம்' என்று அதற்கு நான் பெயர் வைத்தேன். அவன் வாயில் அது 'ஜமக்கு' ஆகிவிட்டது.

இப்போது வீடியோவில் பேசும்போதெல்லாம், "உங்க துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் அரணை இருக்குன்னு சொன்னீங்களே அம்மிச்சி, அதோட நாக்கு என்ன கலர்?" என்று கேட்கிறான். மூன்று நாளாக நானும் கல்லுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தக் கழுதை எனக்கு நாக்கை நீட்டவே மாட்டேன் என்கிறது!

- ஒரு வாசகி, பவானி.