ஏரியும் மதகும்: விடுதித் தொழிலில் கடனும் நீர்மையும்

நுழையும்முன்

தொழில் தொடங்குவோர்க்குக் கடன் ஒரு கருவி. அதனைக் கையாளும் முறையே தொழிலின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்கிறது. கோடிக்கணக்கில் சொத்து உடைய ஒருவர், தவணை நாளில் கையில் பணமின்றித் தடுமாறுவது ஏன்? தங்கும் விடுதித் தொழிலைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்கிறது இக்கட்டுரை.

பாகூர் ஏரி தரும் உவமை

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுவது பாகூர். அங்குள்ள ஏரி, ஊசுடு ஏரிக்கு அடுத்ததாகப் புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரியாகும். தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் இவ்வேரிக்கு நீரைக் கொண்டு சேர்க்கிறது. ஏரி நீர் மதகுகளின் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தேங்கி நிற்கும் நீரும் ஏரியின் நீரே. ஆயினும் அது வயலை எட்டாது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் பாயாத நீர், அறுவடைக்குப் பின் பாய்ந்து பயனில்லை.

ஒரு தொழிலின் செல்வமும் இத்தகையதே. நிலம், கட்டடம், அறைகலன் ஆகியவை மதகுக்குக் கீழே தேங்கிய நீரைப் போன்றவை. அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஊதியம் வழங்கவும் மின்கட்டணம் செலுத்தவும் வங்கித் தவணையை அடைக்கவும் அவை உடனே உதவா. ஒரு சொத்தைப் பெரும் இழப்பின்றி விரைவாகப் பணமாக மாற்ற இயலும் தன்மையைப் பொருளியலார் ‘நீர்மைத் தன்மை’ என்பர். செலுத்த வேண்டிய நாளில் செலுத்தப் பணமில்லாமற் போகும் நிலைமைக்கான வாய்ப்பே ‘நீர்மை இடர்’ எனப்படும்.

விடுதித் தொழிலின் இயல்பு

நெல் வணிகர் இன்று விற்காத மூட்டையை நாளை விற்கலாம். விடுதி உரிமையாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓர் இரவு வெறுமையாகக் கிடந்த அறையின் வாடகை என்றென்றைக்குமாக இழந்த வருவாயாகும். அறை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் பணியாளர் ஊதியம், காவல், பராமரிப்பு, காப்பீடு ஆகிய செலவுகள் பெரிதும் குறைவதில்லை. முதலீட்டின் பெரும்பகுதி கட்டடத்திலேயே முடங்கிவிடுகிறது.

வருவாயும் பருவத்தைச் சார்ந்தது. சென்னை, பெங்களூரு ஆகிய நகரங்களிலிருந்து வார இறுதி நாள்களில் புதுச்சேரிக்குப் பயணிகள் திரளாக வருகின்றனர். வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேர்த் திருவிழாவும் லூர்து அன்னை ஆலயத் திருவிழாவும் மக்களை ஈர்க்கின்றன. கிறித்துமசு, புத்தாண்டு நாள்கள் விடுதிகளின் அறுவடைக் காலம். ஆனால், அதே காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியது. 2011 திசம்பர் 30 அன்று, புத்தாண்டுக்கு இரு நாள்களே இருந்தபோது, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதனைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. இவ்வாறு வருவாய் ஏற்ற இறக்கம் உடையதாக இருக்க, கடன் தவணையோ மாதந்தோறும் மாறாத நாளில் வந்து நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான பொருத்தமின்மையே விடுதித் தொழிலின் முதன்மையான இடராகும்.

கடனின் வகைகள்

விடுதி உரிமையாளர் பெறும் கடன்களை இருவகையாகப் பிரிக்கலாம். கட்டடம், மின்தூக்கி, குளிரூட்டி போன்ற நீண்டகாலச் சொத்துகளுக்காகப் பெறுவது காலக்கடன். அது பல ஆண்டுகளில் தவணைகளாகத் திருப்பிச் செலுத்தப்படும். மளிகைப் பொருள், ஊதியம் போன்ற அன்றாடத் தேவைகளுக்காகப் பெறுவது நடைமுறை மூலதனக் கடன். வங்கி வரையறுத்த அளவுக்குள் வேண்டும்போது எடுத்துக்கொண்டு, வருவாய் வந்ததும் திருப்பிச் செலுத்தும் மேல்வரைப்பற்று இவ்வகையில் அடங்கும்.

குறுகிய காலக் கடனைக் கொண்டு நீண்டகாலச் சொத்தை உருவாக்குவது பெரும் பிழை. மேல்வரைப்பற்றில் எடுத்த பணத்தால் புதிய அறைகளைக் கட்டினால், அவ்வறைகள் பத்தாண்டுகளில் ஈட்டித் தரவேண்டிய தொகையை ஓராண்டிலேயே வங்கி திருப்பிக் கேட்கலாம். கடனின் காலமும் சொத்து பலன் தரும் காலமும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது நிதி மேலாண்மையின் அடிப்படை நெறி.

ஒரு கணக்கு

இதனைத் தெளிவுபடுத்த ஒரு கற்பனைச் சான்றைக் காண்போம். வில்லியனூர்ப் பகுதியில் ஒருவர் 20 அறைகள் கொண்ட விடுதியைக் கட்டுகிறார். பாகூரில் உள்ள தம் குடும்ப நிலத்தை அடைமானமாக வைத்து, ரூ.2.40 கோடியைக் காலக்கடனாகப் பெறுகிறார். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு; தவணைக் காலம் 10 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.3.17 இலட்சம்.

ஓர் அறையின் ஒருநாள் வாடகை ரூ.2,500. விருந்தினர் தங்குவதால் மட்டும் ஏற்படும் செலவு ரூ.500. ஆகவே, நிரம்பும் ஒவ்வோர் அறையும் ஓர் இரவுக்கு ரூ.2,000 மிச்சம் தரும். யார் தங்கினாலும் தங்காவிட்டாலும் மாதந்தோறும் ஆகும் நிலையான செலவு ரூ.3.50 இலட்சம். வரிகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

நாள்தோறும் சராசரியாக 12 அறைகள் நிரம்பினால், 30 நாள்களில் ரூ.7.20 இலட்சம் கிடைக்கும். நிலையான செலவு போக ரூ.3.70 இலட்சம் எஞ்சும். தவணை செலுத்தியபின் ரூ.53 ஆயிரம் கையில் நிற்கும். நாள்தோறும் 10 அறைகளே நிரம்பினால் கிடைப்பது ரூ.6 இலட்சம், செலவு போக எஞ்சுவது ரூ.2.50 இலட்சம், தவணைக்கு ரூ.67 ஆயிரம் குறைகிறது. எட்டு அறைகளாகக் குறைந்தால் பற்றாக்குறை ரூ.1.87 இலட்சமாகப் பெருகுகிறது.

இக்கணக்கில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பத்து அறைகள் நிரம்பும் நிலையிலும் அவ்விடுதி தன் அன்றாடச் செலவுகளைக் கடந்து வருவாய் ஈட்டுகிறது. கடன் இல்லாதிருந்தால் அவ்வுரிமையாளர் அச்சமின்றி வாழலாம். நாளொன்றுக்கு இரண்டு அறைகள் நிரம்பாமை, நல்ல நிலையில் இயங்கும் விடுதியைத் தவணை தவறும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அடைமானமாகிய குடும்ப நிலத்தின் எதிர்காலமும் அவ்விரண்டு அறைகளைச் சார்ந்து நிற்கிறது.

வட்டி விகிதமும் நிலையானதன்று. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை இந்திய ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டி விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பெற்றோர் இவ்வுயர்வின் சுமையைத் தாங்க நேர்ந்தது. மேற்கண்ட விடுதியின் கடனுக்குத் தொடக்கம் முதலே 12.5 விழுக்காடு வட்டி எனில், மாதத் தவணை ரூ.3.51 இலட்சமாகும். 12 அறைகள் நிரம்பினாலும் கையில் நிற்பது ரூ.19 ஆயிரமே.

காப்பின் விலை

அதே கடனை 10 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ரூ.2.58 இலட்சமாகக் குறையும். பத்து அறைகள் நிரம்பும் மாதத்திலும் பற்றாக்குறை ரூ.8 ஆயிரம் மட்டுமே. ஆனால், பத்தாண்டுக் கடனுக்குச் செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.1.41 கோடியாக இருக்க, பதினைந்தாண்டுக் கடனுக்கு அது ரூ.2.24 கோடியாகும். கூடுதலாகச் செலுத்தும் ரூ.83 இலட்சம், தவணை தவறும் இடரிலிருந்து பெறும் காப்பின் விலை எனலாம். விரைவில் கடனை அடைக்கும் ஆர்வம் போற்றத்தக்கதே; ஆயினும், தாங்கும் ஆற்றலை அளந்தறிந்தே தவணையை முடிவு செய்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

வங்கிக் கடனின் வட்டியோ தவணையோ 90 நாள்களுக்கு மேல் செலுத்தப்படாமல் நிலுவையில் இருந்தால், அக்கடன் செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடன் கொடுத்த வங்கி 60 நாள் அறிவிப்பு அளித்து, அதன்பின்னும் தொகை செலுத்தப்படாவிடில் அடைமானச் சொத்தை நீதிமன்ற வழக்கின்றியே கைப்பற்றலாம். வேளாண் நிலம் அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது. அதன்மீதான கடனை மீட்க வங்கி வேறு சட்ட வழிகளை நாடும்.

ஊரடங்கு கற்பித்த பாடம்

2020 மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. விடுதிகளின் வருவாய் ஓரிரவில் நின்றது. இரண்டு நாள்களுக்குப் பின், மார்ச்சு 1 முதல் மூன்று மாதத் தவணைகளை ஒத்திவைக்க இந்திய ரிசர்வ் வங்கி இசைவளித்தது. பின்னர் அச்சலுகை ஆகத்து 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஒத்திவைப்பு, தள்ளுபடி அன்று. ஒத்திவைத்த காலத்திற்கும் வட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. அக்காலத்து வட்டிக்கு மேல் வட்டி விதிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சு 23 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும், வட்டியை முற்றாக நீக்க அது இசையவில்லை.

அவசரக் கால கடன் உறுதித் திட்டத்தை ஒன்றிய அரசு 2020 மே மாதம் அறிவித்தது. 2021 மார்ச்சு இறுதியில் அத்திட்டம் விடுதி, சுற்றுலாத் துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. நிலுவைக் கடனில் 40 விழுக்காடு வரை கூடுதல் கடன் பெறவும், ஆறாண்டுகளில் அதனைத் திருப்பிச் செலுத்தவும், முதல் இரண்டாண்டுகள் அசலைச் செலுத்தாதிருக்கவும் அது வழிவகுத்தது. இவ்வுதவி பல விடுதிகளுக்கு மூச்சுவிட இடம் தந்தது. எனினும், அதுவும் கடனே. வருவாய் இல்லாத காலத்தில் பெற்ற கடனை, வருவாய் மீண்ட காலம் சுமக்க வேண்டியிருந்தது.

பெருநிறுவனமும் விலக்கன்று

இவ்விடர் சிறு விடுதிகளுக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தின் கண்ணூரில் பிறந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் நிறுவிய லீலா விடுதிக் குழுமம் இதற்குச் சான்று. 1980களில் மும்பையில் முதல் விடுதியைத் திறந்த அந்நிறுவனம், பெங்களூரு, கோவா, உதய்ப்பூர் எனப் பரவியது. 2011இல் புதுதில்லியிலும் 2013இல் சென்னைக் கடற்கரையோரத்திலும் பெரும் அரண்மனை விடுதிகளைத் திறந்தது. இவ்விரிவாக்கத்திற்குப் பெருங்கடன் துணைநின்றது. 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விடுதிகளுக்கான தேவை தளர்ந்தது. புதிய விடுதிகள் முழுமையாக ஈட்டத் தொடங்குமுன்பே வட்டிச் சுமை அழுத்தியது.

கோவளம் விடுதி 2011இலும் கோவா விடுதி 2015இலும் விற்கப்பட்டன. இடையே கடன் சீரமைப்பும் மேற்கொள்ளப்பட்டது. ஆயினும் சுமை நீங்கவில்லை. 2019இல் பெங்களூரு, சென்னை, தில்லி, உதய்ப்பூர் விடுதிகள், ஆக்ராவிலுள்ள நிலத்துடன், ஏறத்தாழ ரூ.3,950 கோடிக்குக் கனடாவின் புரூக்ஃபீல்டு நிறுவனத்திடம் சென்றன. விடுதிகளின் பெயரும் தரமும் குன்றவில்லை. விருந்தினர் வருகையும் தொடர்ந்தது. உரிமை மட்டும் கைமாறியது. புதிய உரிமையாளர்கீழ் அவ்விடுதிகளை நடத்தும் நிறுவனம் 2025இல் பொதுப் பங்குகளை வெளியிட்டது. அதன்வழித் திரட்டிய புதிய மூலதனத்தின் பெரும்பகுதி கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கே ஒதுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

காக்கும் வழிகள்

நீர்மை இடரை முற்றாக நீக்க இயலாது. அதனைத் தாங்கும் வலிமையைப் பெறலாம். முதலாவதாக, கடன் தாங்கும் விகிதத்தைக் கணக்கிடல் வேண்டும். செலவு போக எஞ்சும் வருவாயைத் தவணைத் தொகையால் வகுத்தால் கிடைப்பதே அவ்விகிதம். மேற்கண்ட விடுதியில் 12 அறைகள் நிரம்பும்போது அது 3.70ஐ 3.17ஆல் வகுக்க வரும் 1.17 ஆகும். ஒன்றுக்குக் கீழே சென்றால் தவணைக்கு வருவாய் போதாது என்பது பொருள். 2020இல் கடன் சீரமைப்புக்கான அளவுகோல்களை வகுத்த கே. வி. காமத் குழுவும் இவ்விகிதத்தைத் தன் ஐந்து அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டது.

இரண்டாவதாக, நல்ல பருவத்தின் மிச்சத்தைத் தனிக் கணக்கில் சேமித்தல் வேண்டும். அவ்விடுதிக்கு நிலையான செலவும் தவணையும் சேர்ந்து மாதம் ரூ.6.67 இலட்சம். மூன்று மாதங்களுக்குரிய ரூ.20 இலட்சத்தைக் காப்புநிதியாக வைத்திருந்தால், ஒரு புயலையோ பெருவெள்ளத்தையோ கடக்க இயலும். கடனை வாங்கும்போதே இத்தொகையையும் திட்டத்தில் சேர்ப்பது அறிவுடைமை. மூன்றாவதாக, மேல்வரைப்பற்று வசதியைத் தேவை எழுமுன்பே பெற்று, பயன்படுத்தாமல் வைத்திருத்தல் வேண்டும். வருவாய் வற்றிய பின் கேட்பவர்க்கு எவரும் எளிதில் கடன் தாரார்.

நான்காவதாக, அடுத்த ஆறு மாதங்களுக்குரிய பண வரவையும் செலவையும் மாதவாரியாக எழுதிப் பார்த்தல் வேண்டும். பற்றாக்குறை வரும் மாதத்தை முன்னரே கண்டவர், தவணை தவறுமுன் வங்கியை அணுகலாம். அப்போது தவணைக் காலத்தை நீட்டிக்க வாய்ப்புண்டு. 90 நாள்கள் கடந்த பின் அவ்வாய்ப்பு அரிதாகிறது.

வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவாகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் உணர்த்தும் கருத்து. கடன் பெற்றுத் தொழில் நடத்துவோர், வழிகளின் அகலத்தோடு அவை திறக்கும் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏரி நிரம்பிய ஆண்டிலும் கரையையும் மதகையும் பழுதுபார்த்து வைத்த ஊரே வறட்சியைத் தாங்கி நின்றது. தொழிலுக்கும் அதுவே வழி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஒரு சிறுதொழிலில் வருவாய் மிகும் மாதங்களையும் குறையும் மாதங்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. பாடத்தில் கண்ட விடுதியில் நாள்தோறும் 11 அறைகள் நிரம்பினால், பத்தாண்டுக் கடன் தவணையைச் செலுத்த இயலுமா? கணக்கிட்டுக் காட்டுக.
3. ‘விரைவில் கடனை அடைப்பதே சிறந்தது’ என்னும் கருத்தில் வகுப்பறையில் கலந்துரையாடுக.