டி-சட்டையில் ஏர்பிரஷ் ஓவியம்: பொழுதுபோக்கா? பிழைப்பா?

கைத்தொழில் பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலின் ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைத்துக் கொண்டிருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார்.

"எஸ்.பி.எம். முடிச்ச என் மகன் சட்டையில படம் வரையறதுதான் வேலைன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சாமான் வாங்க 2,000 வெள்ளி கேட்கிறான். என் சேமிப்புல இருந்து குடுக்கலாமாம்மா?"

நிகழ்ச்சிக்கு வந்திருந்த கிள்ளான் ஏர்பிரஷ் ஓவியரைப் பார்த்தேன். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அன்று அவர் நின்றபடியே கொடுத்த விளக்கத்தையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்து கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஏர்பிரஷ் என்பது பேனாவைப் போல் பிடித்து வரையும் ஒரு தெளிப்பான். காற்றழுத்தம் சாயத்தைப் பனிப்புகையாக்கித் துணியில் படிய வைக்கிறது. 1879-இல் அமெரிக்கரான அப்னர் பீலர் உருவாக்கிய கருவிதான் இதன் முன்னோடி. சட்டைக்கு இந்தக் கலை வந்தது வெகுநாள் கழித்து. கார் கண்காட்சிகளில் பூத உருவங்களைச் சட்டையில் வரைந்து பெயர் வாங்கினார் கலிபோர்னியாவின் எட் ரோத். 1986-இல் நியூயார்க்கின் குயின்ஸ் வட்டாரத்தில் 'ஷர்ட் கிங்ஸ்' என்ற இளைஞர் குழு பேரங்காடியில் கடை போட்டது. ஹிப்-ஹாப் பாடகர்களே அவர்களைத் தேடி வந்தார்கள். இரண்டு இடத்திலும் மக்கள் காசு கொடுத்தது, வேறு யாரிடமும் இல்லாத ஒரு சட்டைக்காக. இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், விலை பேசும்போது தேவைப்படும்.

கருவிக்கு வருவோம். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் சாயம் என்று இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வகைதான் வேண்டும். துணிச்சாயம் கெட்டியானது. ஆகவே 0.5 மில்லிமீட்டர் அளவிலான முனை வசதி. மெல்லிய முனை அடிக்கடி அடைத்துக் கொள்ளும். பலர் ஏமாறுவது கம்ப்ரசரில்தான். பொம்மைகளுக்குச் சாயம் அடிக்கும் சிறிய கம்ப்ரசரை மலிவாக வாங்கி விடுகிறார்கள். துணி இழைக்குள் சாயம் இறங்க 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். காற்றுத் தொட்டி இல்லாத சிறிய இயந்திரம் அதற்குத் திணறும். நம் நாட்டு ஈரக் காற்றுக்கு நீர் வடிகட்டியும் அவசியம். இல்லாவிட்டால் நல்ல படத்தின் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பும்! சுவாசக் கவசமும் காற்றோட்டமும் கட்டாயம். தண்ணீரில் கரையும் சாயம்தானே என்று அலட்சியம் வேண்டாம், புகையாக நுரையீரலுக்குள் போவது எதுவும் நல்லதல்ல.

பயிற்சிக்குப் பழைய நாளிதழ் போதும் (நம் பத்திரிகையைப் படித்து முடித்த பிறகு!). புள்ளி, கோடு, பிறகு தடித்துத் தொடங்கி ஊசியாய் முடியும் கீற்று. இந்த மூன்றும் கைக்கு வராமல் முகம் வரையப் போகக்கூடாது என்றார் ஓவியர். அடுத்தது எழுத்து. புலி, சிங்கம் வரையத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் பெயர்தான். அழகாகவும் வேகமாகவும் பெயர் எழுதத் தெரிந்தவருக்கு அன்றாடம் கைச்செலவுக்குக் காசு வரும். தமிழ் எழுத்தைச் சாய்த்தும் நிழல் கொடுத்தும் எழுதக் கற்றவருக்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு என்பது என் எண்ணம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுச் சந்தையில் அக்காள் மகனின் பிறந்தநாளுக்குப் பெயர் வரைந்த சட்டை வாங்கினேன். முதல் சலவையிலேயே பெயரில் பாதி போய்விட்டது. பையன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. காரணம் இப்போதுதான் புரிந்தது. காய்ந்த சாயத்தைச் சுமார் 150 பாகை செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் இஸ்திரிப் பெட்டியாலோ வெப்ப அழுத்தியாலோ பதிய வைக்க வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டார்கள். சட்டையும் முழுப் பருத்தியாக, கஞ்சி போகத் துவைத்ததாக இருக்க வேண்டும். கறுப்புச் சட்டை என்றால் முதலில் வெள்ளை அடித்தளம் போடாவிட்டால் நிறம் எடுக்காது.

இனி அந்த அம்மாவின் உண்மையான கவலை, வருமானம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் சட்டை 15 ரிங்கிட், சாயமும் மின்சாரமும் 5 ரிங்கிட். இரண்டு மணி நேரம் வரைந்து 35 ரிங்கிட்டுக்கு விற்றால் கையில் நிற்பது 15. அதாவது மணிக்கு 7 ரிங்கிட் 50 சென். நாளுக்கு எட்டு மணி, மாதம் 26 நாள் இடைவிடாமல் வேலை கிடைத்தாலும் 1,560 ரிங்கிட்தான். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளமே 1,700! அதே சட்டையை ஒரு மணி நேரத்தில் முடித்து 50 ரிங்கிட் கேட்கத் தெரிந்தால் கதை வேறு. "நண்பன்தானே, சும்மா போட்டுக் கொடு" என்பவர்களிடம் பல்லைக் கடித்துக் கொண்டு விலை சொல்லப் பழக வேண்டும். முன்பணம் வாங்காமல் கருவியைத் தொடக்கூடாது.

ஐம்பது சட்டை ஒரே மாதிரி வேண்டும் என்று வந்தால் அச்சுக்கடைக்கு அனுப்பிவிடுங்கள். கணினி அச்சோடு விலையில் மோத முடியாது. மறைந்த தந்தையின் முகத்தை, அவர் ஓட்டிய பழைய லாரியோடு ஒரே ஒரு சட்டையில் கேட்டு வருபவர்தான் நம் வாடிக்கையாளர். கேலிச்சித்திர நாயகர்களையும் காற்பந்துக் குழுச் சின்னங்களையும் வரைந்து விற்பதில் 1987 பதிப்புரிமைச் சட்டமும் வணிகச் சின்னச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. கேட்கிறார்களே என்று வரைந்து மாட்டிக் கொள்ள வேண்டாம். தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். பதிவும் செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60.

"அப்ப குடுக்கவா, வேணாமா?" என்றார் அம்மா, விடாமல்.

ஓவியர் சிரித்தார். "இப்ப 2,000 வேணாம்மா. கருவிக்கு மட்டும் குடுங்க. காத்துக்கு என் பட்டறைக்கு வரட்டும். சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு அனுப்புங்க, இஸ்திரி போட எனக்கும் ஒரு ஆள் வேணும்."

"எட்டு மணிக்கா? அவன் எழுந்திரிக்கிறதே பத்து மணிக்குத்தான் தம்பி!" என்றார் அம்மா.